அரைப்பேர்

ஒரு பொருளுக்கு நாற்பது சொல்,
கூடினால் எழுத்து சிறுத்துவிடும்
என்கிறார் மோட்டார் கழகச் செயலாளர் லலிந்த.
ஹட்டனிலிருந்து ஏழு மைல்,
ஆப்பர்லீ தோட்டத்துப் பழைய ஸ்டோர்.
கொழுந்து வாடப்போட்ட மேல்மாடியில்
இப்போது பந்தயச் சரித்திரம் விரித்துக் கிடக்கிறது.
அட்டை எழுதுவது நான்.
நாட்கூலி, மத்தியானச் சோறு வேறு.

முதலில் வண்டி.
ஐந்நூறு சீசீ, ஒரே கியர், பிரேக் கிடையாது.
எழுதிவிட்டு இன்னொரு தரம் வாசித்தேன்.
பிரேக் கிடையாது.
நாலு பேர், நாலு சுற்று, திருப்பமெல்லாம் இடதுபக்கம்.
பின்சக்கரம் வெளியே வழுக்கும்,
முன்சக்கரம் வலப்புறம் பார்க்கும்,
வண்டி மட்டும் இடப்புறம் போகும்,
பொய் சொல்லிக்கொண்டே
உண்மைக்கு வந்து சேருகிறவனைப் போல.
மூடுபனி இறங்கிவிட்டால்
சனத்துக்குச் சத்தம் மட்டும்தானாம்.
ஒரு துரைசாணியின் கடிதத்தில் இருக்கிறது:
‘யார் ஜெயித்தார்கள் என்று
மறுநாள் காலைதான் தெரிந்தது.’

அடுத்தது இரும்புச் செருப்பு, இடதுகாலுக்கு மட்டும்.
ஸ்டோர் பிட்டர் சுவக்கீன் அடித்துக் கொடுத்தது,
கழித்துப்போட்ட ரோலர் தகட்டில்.
குதிகால் பக்கம் பிளேடாய்த் தேய்ந்திருக்கிறது.
ஆளில்லாத நேரம் போட்டுப் பார்த்தேன்.
பலகைத் தரையில் கால் தானாக வழுக்கியது.
வயிற்றுக்குள் ஏதோ ஒன்று
ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது.
இதை அட்டையில் எழுதவில்லை.

பிறகு ஒரு தேயிலைப்பெட்டி மூடி.
வெள்ளைப் பெயின்டில்: 21.4.
அவ்வளவுதான், பெயர் இல்லை.
பார்க்கின்சன் துரையின் வெள்ளிக் கிண்ணத்தில்
வெட்டியிருப்பது 22.
‘சுவக்கீன் ஓட்டியது என்று போடுவோம்,
கதை நன்றாக இருக்கும்’ என்றார் லலிந்த.
நன்றாகத்தான் இருக்கும்.
‘யாருடையதென்று தெரியாது’ என்று எழுதினேன்.
சுவக்கீனுக்குக் கோபமென்றால்
வந்து சொல்லட்டும்.

கடைசியாக ஒரு கண்ணாடி ஜாடி.
பந்தயப் பாதையில் மிச்சம் இதுதான்.
பாதி இன்று வாலிபால் மைதானம்,
பாதி லீக்ஸ் பாத்தி.
நாலு அங்குலம் தோண்டினால் கறுப்பாக வரும்,
வளைந்து வளைந்து போகும்.
அந்த வளைவில் மட்டும்
லீக்ஸ் தடிக்கவே தடிக்காது என்று திட்டுகிறார் தோட்டக்காரர்.
நான் சாப்பாட்டுக் கரண்டியால் அள்ளிவந்தேன்.
தேயிலை காயவைத்த அடுப்பின் சாம்பல்.

யார் கொட்டியது?
ஐம்பத்துமூன்றாம் வருஷம், மாசி மாதச் செக்ரோல்,
பூச்சி தின்றது போக:
‘சாம்பல் வேலை. பெண்ணாள் முப்பத்திரண்டு. அரைப்பேர்.’
எங்கள் மலையில் பேர் என்றால்
பிறந்தபோது வைத்தது மட்டுமில்லை,
ஒரு நாள் கூலிக்கும் அதுதான் சொல்.
மழை கலைத்தாலும் அரைப்பேர்,
கூடை குறைந்தாலும் அரைப்பேர்.
இங்கே எது குறைந்ததென்று கணக்கப்பிள்ளை எழுதவில்லை.
பென்சிலில் வரிசையாக மட்டும் போட்டிருக்கிறார்:
செங்கமலை, பூவாத்தா, மூக்காயி,
ராக்கு, சின்னப்பொண்ணு, ராக்கு…
பின்னாளில் இவர்களில் பத்தொன்பது பேர்
தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.
கிண்ணங்கள் ஏறியது கொழும்பில்.
இந்த ஒரு கிண்ணம் மட்டும்
பங்களா அலுமாரிக்குப் பின்னால் விழுந்து தப்பியது.

நாற்பதில் முப்பத்திரண்டு போனால் எட்டு.
முப்பத்திரண்டையும் எழுதி
அடியில் அந்த எட்டைப் போட்டேன்:
‘இந்தச் சாம்பலைச் சுமந்தவர்கள் இவர்கள்.
இதன்மேல் சிலர் வண்டி ஓட்டினார்கள்.’

லலிந்த பேனா முனையால் எண்ணினார்.
திரும்பவும் எண்ணினார்.
கணக்குச் சரி.
ஜாடியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்,
மூடியை இறுக்கினார்.
‘ராக்கு இரண்டு தரம் வந்திருக்கிறது,
ஒன்றை வெட்டட்டுமா?’

அது ரெண்டு பேர் என்றேன்.